சூரியனைப் பார்க்கப் போன கமலநாயகி அக்கா

ஜெர்மனியின் எசன் நகரத்தில் இருக்கிற எங்கள் சனத்தில் பாதிப் பேர் கமலநாயகி அக்காவைச் சண்டைக்காரி என்பார்கள். மிச்சப் பாதிப் பேர் அவர் வேலை செய்யும் பேக்கரிக்குப் போகாதவர்கள். போன மார்கழியில் பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டடத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவிவிட்டது. "ஒரு நல்ல மனிசனைச் சபையில வைச்சு அவமானப்படுத்திப்போட்டாவாம்" என்று கோயிலில் கண்ட ஒருவர் என்னிடமே சொன்னார். அந்த நல்ல மனிசன் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. எனக்குத் தெரியும். அக்காவின் வீட்டுக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அந்தக் கண்காட்சிக்கும் அவரோடு போனவள் நான்தான். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அதைப் பூசி மெழுகப் போவதில்லை.

முதலில் அந்தச் சண்டைக்காரிப் பட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அக்காவின் பேக்கரியில் வரிசைதான் சட்டம். வழக்கறிஞர் வந்தாலும் குப்பை வண்டிக்காரர் வந்தாலும் வந்த ஒழுங்கில்தான் பாண். கைப்பேசியில் கத்திக்கொண்டே முன்னுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவரை, "உங்களுக்கு முன்னால் இந்த அம்மா நிற்கிறார்" என்று கடைசிக்கு அனுப்பியதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் ஆட்கள் பக்கவாட்டில் நின்று, "அக்கா, நாங்கள்தானே" என்று பல்லைக் காட்டினாலும் அதே கதைதான். "நீங்கள்தான் எண்டபடியால்தான் சொல்லுறன், பின்னுக்குப் போங்கோ." அதற்குப் பிறகு யார் அவரை நல்லவர் என்று சொல்லுவார்கள்?

அக்கா இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தது எண்பத்தாறில். அகதியாகப் பதிந்தவர்கள் தங்களுக்குக் குறித்துவிட்ட ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் அந்த நாளில் இருந்தது. தங்கை அடுத்த ஊரில், ரயிலில் ஏறி ஒரு கோப்பி குடித்து முடிக்கும் தூரத்தில் இருந்தார். அவருக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்க்கப் போவதற்கு அக்கா அலுவலகத்தில் நின்று அனுமதி கேட்டார். "அவசரம் என்று தெரியவில்லையே" என்றாராம் அங்கே இருந்தவர். பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் அக்கா அதன் முகத்தைப் பார்த்தார். உலகத்தின் பாதியைக் கடந்து வந்த ஒருத்திக்கு அடுத்த ஊருக்குப் போக வழியில்லை. இதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் இப்போது சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு எல்லாம் சரியாகியது. வேலை, வீடு, சிவப்பு ஜெர்மன் கடவுச்சீட்டு எல்லாம் வந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. அக்கா எங்கே நின்றாலும் யாரோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒவ்வொரு வருஷமும் அக்கா கற்பூரச் சட்டி எடுப்பார். ஒரு வருஷம் சட்டியோடு நடந்து வரும்போது அவருக்கு அழுகை பொங்கிவிட்டது. காரணம் இருந்தது. அதை ஊர் அறிய வேண்டியதில்லை. அடுத்த நாள் ஒரு பத்திரிகையில் அந்த அழுத முகம் அரைப் பக்கத்துக்கு வந்தது. கீழே பெயர் இல்லை. "கால்வாய்க் கரையில் ஒரு துண்டு இந்தியா" என்று எழுதியிருந்தார்கள். அக்கா இந்தியாவை விமானத்தின் சன்னலால்கூடக் கண்டதில்லை. ஒரு கிழமையாக, பாண் வாங்க வந்தவர்கள் பத்திரிகையைக் காட்டி, "இது நீங்களா? எவ்வளவு வண்ணம்!" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தன் அழுகையைப் பார்த்து வண்ணம் என்று சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ஒருக்காவாவது நான் பாக்கிற ஆளாப் போகோணும், ஆதிரை," என்றார் அன்றைக்கு என்னிடம். "மற்ற ஆக்கள் என்னைப் பாக்கிற இடத்தில நிண்டு நிண்டு அலுத்துப்போச்சு. நானும் ஒரு கமெராவைக் கழுத்தில கொழுவிக்கொண்டு, ரிக்கற் வாங்கி, கதிரையில இருந்து ஒரு திருவிழாவைப் பாக்கோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. அதைத்தான் அவரிடமிருந்து பறித்தார்கள்.

ஹெர் புறுக்மன், எங்கள் பேச்சில் சொன்னால் புறுக்மன் ஐயா, அந்தப் பேக்கரிக்குப் பல வருஷமாகத் தினமும் வருகிறவர். ஓய்வு பெற்ற பூமிசாத்திர வாத்தியார். விதை போட்ட சிறு பாண் இரண்டு, அதோடு ஒரு பயணக் கதை, இதுதான் அவருடைய காலை. வருஷத்துக்கு ஒரு முறை தன் வயதுக்காரரைச் சேர்த்துக்கொண்டு தூர தேசத்துக்குப் போவார், திரும்பி வந்து படம் காட்டுவார். இரண்டாயிரத்து ஏழில் பெரு நாட்டுக்குப் போகும் குழுவில் ஒருவருக்குக் கால் முறிந்து ஓர் இடம் காலியானது. குஸ்கோ என்ற மலை நகரத்தில் ஆனி மாதம் நடக்கும் இன்டி ராய்மி விழாவைப் பற்றி அவர் பேக்கரியில் நின்று விளக்கினார். இன்கா மக்களின் பழைய சூரியத் திருவிழா அது. அங்கே ஆனியில்தான் குளிர்காலம். தூரத்துக்குப் போய்விட்ட சூரியனைத் திரும்பி வா என்று கூப்பிடுவார்களாம்.

அக்கா பாணைக் கடதாசிப் பையில் போட்டபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்கே சூரியன் உண்மையாகவே வருமா?"

"அந்த மாதத்தில் மேகமே இராது," என்றார் ஹெர் புறுக்மன்.

எசனில் தைப்பொங்கல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. பல்கனியில் மின்சார அடுப்பு வைத்து, குளிர்ச் சட்டைக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, பொங்கி வழியும்வரை காத்திருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே சாம்பல் நிற மேகம்தான் இருக்கும். கிழக்கு எது என்று குத்துமதிப்பாகப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். இருபது வருஷமாக அக்கா மேகத்துக்குத்தான் பொங்கிக்கொண்டிருந்தார். இதை அவர் ஹெர் புறுக்மனுக்குச் சொல்லவில்லை. "அந்த இடத்தை எனக்குத் தாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் கணவர் ஆனந்தராசா அண்ணை பார்சல் கிட்டங்கியில் வேலை. ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்டில் ஏறவே பயப்படுகிற ஆள். "மலை பாக்கவோ உவ்வளவு தூரம் போறீர்? ரீவீயில காட்டுறாங்கள்தானே," என்றார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. புதுக் கமெரா வாங்கினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை.

இனி நடந்ததை அக்கா எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

குஸ்கோவில் முதல் இரண்டு நாளும் உயரம் தலையைச் சுற்ற வைத்தது. கொக்கா இலைத் தேநீர் குடித்துச் சமாளித்தார்கள். மூன்றாம் நாள் சந்தையில் எல்லாரும் வெயிலுக்குத் தொப்பியும் குளிருக்குச் சால்வையும் வாங்கினார்கள். குழுவில் இருந்த ஹெல்கா என்ற அம்மாவும் அக்காவும் ஒரே கடையில் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிச் சால்வை வாங்கினார்கள். "நாங்கள் இரட்டைப் பிள்ளைகள்" என்று ஹெல்கா சிரித்தாராம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நடப்பது நகரத்துக்கு மேலே, மலைபோன்ற கற்களை அடுக்கிக் கட்டிய பழைய கோட்டை வெளியில். ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு ரிக்கற் போட்ட படிவரிசை. எதிர்ப்பக்கம் குன்றுச் சரிவு, அங்கே ஊர்ச்சனம் சாப்பாடும் பிள்ளைகளுமாகச் சும்மா வந்து உட்கார்ந்திருந்தது. குழுவின் ரிக்கற்றுகள் எல்லாம் ஹெர் புறுக்மன் நெஞ்சில் தொங்கவிட்ட பையில் இருந்தன. நீங்கள் தொலைத்துவிடுவீர்கள் என்று அவர்தான் வாங்கி வைத்திருந்தார். கடவுச்சீட்டுகள் ஹோட்டலில் பத்திரமாக இருந்தன. அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து கமெராவை மடியில் வைத்துக்கொண்டார். வானம் துடைத்து விட்டதுபோல நீலமாக இருந்தது. சூரியன் நேரே முகத்தில் அடித்தது.

முதலில் சங்குச் சத்தம் கேட்டது.

அந்த மலை நாட்டில் பழைய காலத்திலிருந்தே சங்கு ஊதுகிறார்களாம். அதை ஹெர் புறுக்மன் பஸ்ஸில் சொல்லியிருக்கவில்லை. சங்குக்குப் பின்னால் பெண்கள் விளக்குமாற்றால் வழியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பூ இதழ்களை வீசிக்கொண்டு இன்னும் சில பெண்கள் வந்தார்கள். அதற்குப் பின்னால் ஆட்களின் தோளில், பொன் நிறத்தில், ஒரு பல்லக்கு. அதில் இருந்தது இன்கா மன்னனாக வேஷம் போட்ட நடிகர். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன, கை கேட்கவில்லையே.

"சங்கு ஊதுது. வழி கூட்டுகினம். பூப் போடுகினம். தோளில வருது. பின்னால சூரியன் நிக்குது," என்றார் அக்கா என்னிடம். "பிறகென்னெண்டு ஆதிரை நான் குந்திக்கொண்டிருக்கிறது?"

அவர் சப்பாத்தைக் கழற்றி வாங்குப் பலகைக்குக் கீழே தள்ளினார். எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தார். வாய் தன்பாட்டில் "அரோகரா" என்று கத்தியது. இருபது வருஷப் பொங்கலுக்கும் சேர்த்து அழுதார். பார்க்க வந்தவர் என்பதை அந்த நிமிஷம் மறந்துபோனார். அது அவர் செய்த பிழை என்றால், எங்களில் யார் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

பின்வரிசையில் இருந்தவர்கள் இரு, இரு என்று பல மொழிகளில் கத்தினார்கள். யாரோ எறிந்த தோடம்பழத் தோல் அவர் பிடரியில் பட்டது. குழுவில் இருந்தவர்கள் படம் எடுக்க முன் கம்பிவரை இறங்கிப் போயிருந்ததால் அவரைச் சுற்றி இருந்த இடமெல்லாம் காலி. அப்போது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம் பெண் ஒருத்தி வந்தாள். இருக்கைகளைக் கவனிக்கும் வேலைக்காரி. அவள் கண்டது இதுதான்: கறுத்த பின்னல், சந்தைத் தொப்பி, சால்வை, வெறுங்கால், தலைக்கு மேல் கும்பிட்ட கை. ரிக்கற் இல்லாமல் குன்றிலிருந்து நுழைந்துவிட்ட ஊர்ப் பெண் என்று முடிவு கட்டிவிட்டாள். ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள், ரிக்கற் எங்கே என்று கையை விரித்துக் காட்டினாள், பிறகு எதிரே இருந்த குன்றைக் காட்டினாள். அக்கா ஜெர்மன் மொழியில் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கீழே, அதே தொப்பியும் அதே சால்வையுமாக ஹெல்கா வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ரிக்கற் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணில் எனக்குக் கோபம் இல்லை. அவள் தன் வேலையைச் செய்தாள். என் கோபம் அடுத்த ஆளில்.

கும்பிட்ட கையை இறக்கவும் தோன்றாமல் அக்கா கூப்பிட்டார்: "ஹெர் புறுக்மன்! ஹெர் புறுக்மன்! நான் உங்களோடு வந்தவள் என்று சொல்லுங்கள்!"

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்பது அக்காவுக்குத் தெரியும், ஏனென்றால் கமெராவை அவர் பக்கமே திருப்பினார். பத்தடி தூரம்கூட இல்லை. ஸ்பானிய மொழி தெரிந்த ஒரே ஆள் அவர். ரிக்கற் அவர் நெஞ்சில் தொங்குகிறது. ஒரு விரலை உயர்த்தி, "மொமென்ற்!" என்றார், ஒரு நிமிஷம் பொறு என்று. கமெரா சடசடவென்று அடித்தது. பிறகு பல்லக்குக் கிட்ட வந்துவிட்டது என்று முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். ஏற்கெனவே சால்வையோடு தோளைப் பிடித்திருந்த வேலைக்காரப் பெண் அக்காவை வெளியே கொண்டுபோனாள்.

வெறுங்காலோடு குன்றுக்குப் போனார் அக்கா. அங்கே ஒரு குடும்பம் மண்கட்டிகளை அடுக்கி அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போர்வையை இழுத்து இடம் விட்டார்கள், சூட்டோடு ஒரு கிழங்கைக் கையில் வைத்தார்கள். நாக்குச் சுட்டது. சுட்டதால் அழுகிறேன் என்று அவர்கள் நினைக்கட்டும் என்று அக்கா நன்றாக அழுதார். மிச்சத் திருவிழாவைப் பார்த்தாரா என்று கேட்டேன். "கண் திறந்துதான் கிடந்தது," என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெர் புறுக்மன் குன்றுக்கு ஏறி வந்தார். கூடவே ஹெல்கா, அக்காவின் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இங்கேயா இருக்கிறீர்கள்! உங்களுக்குத்தான் உண்மையான இடம் கிடைத்தது. உண்மையான மக்களோடு! எனக்குப் பொறாமையாக இருக்கிறது," என்றார் அந்த மனிதர்.

"நான் கூப்பிட்டேன். ஏன் சொல்லவில்லை?"

"அந்த வெளிச்சம், ஃபிறவ் கமலா! அப்படி ஒரு வெளிச்சம் ஒருமுறைதான் வரும்." ஃபிறவ் என்றால் திருமதி; கமலநாயகி என்று முழுப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மொழி தெரியாத நாட்டில், போகும் வழியும் வரும் வழியும் அவர் கையில் இருக்கும்போது அக்கா என்ன செய்ய முடியும்? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு புதுக் கமெராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வந்து என் சமையல் குசினியில் உட்கார்ந்து நடந்தது முழுவதையும் கொட்டினார். ஆனந்தராசா அண்ணை, "சரி, விடும். போனதே பெரிய காரியம்" என்றார். அக்காவும் விட்டுவிடப் பார்த்தார். பேக்கரியில் காலையில் பாண் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். வாய் திறந்து பேசவில்லை. ஹெர் புறுக்மனுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

மார்கழி தொடங்கியபோது அவர் ஒரு சுவரொட்டியோடு வந்தார். "சூரியனின் பிள்ளைகள்" என்று தன் படங்களின் கண்காட்சி. சுவரொட்டியில் ஒட்டகம்போலக் கழுத்து நீண்ட லாமா ஒன்று நின்றது. பேக்கரிக் கதவில் அதை ஒட்டியது யார் தெரியுமா? அக்காதான். நாலு மூலைக்கும் பசைநாடா போட்டுச் சுருக்கமில்லாமல் ஒட்டினார். அப்படிப்பட்ட சண்டைக்காரி அவர்.

திறப்பு விழாவுக்கு நானும் அவரும் போனோம். அக்கா நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சுரங்கத் தொழிலாளர் உடை மாற்றிய பழைய மண்டபம் அது. இப்போது வெள்ளை அடித்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கையில் வைன் கிளாசோடு நல்ல சனம். உள்ளே போனதும் நேர் எதிர்ச் சுவரில், கதவு அளவுப் பெரிய படம். அக்கா.

தலைக்கு மேல் குவித்த கை, கண்ணீர், பிளந்த வாய், பின்னால் நீல வானம். கீழே அச்சடித்த அட்டை: "சூரியக் கடவுளை அழைக்கும் பூர்வகுடிப் பெண். குஸ்கோ, 2007."

ஹெர் புறுக்மனுக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று யாராவது சொல்லப்போகிறீர்களா? பத்து வருஷத்துக்கு மேல் தினமும் அந்தக் கையால் பாண் வாங்கின மனிதர். இரண்டு கிழமை ஒரே பஸ்ஸில் இருந்தவர். தெரிந்தேதான் எழுதினார். பேக்கரிக்காரி என்று எழுதினால் படம் எடுபடாது அல்லவா?

கிட்டப் போய்ப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், அக்காவின் சால்வையில், நாலு விரல் தெரிந்தது. உடம்பு இல்லாத நாலு விரல். வெளியே கொண்டுபோகப் பிடித்த அந்தப் பெண்ணின் கை. மனிதர் அவளை வெட்டி எடுத்துவிட்டார், விரலை வெட்ட முடியவில்லை. வெட்டினால் அக்காவின் தோளும் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து ஒரு வயதான அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். "உங்கள் நாட்டை இவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்குப் பெருமையாக இருக்கும், இல்லையா?"

அக்காவின் முகம் போன போக்கைக் கண்டு நான் கோட்டுக் கையைப் பிடித்தேன். "அக்கா, வாங்கோ, போவம்," என்றேன்.

"நான் ஏன் போகோணும்? நான் போகேலாது, ஆதிரை. நான் சுவரில தொங்கிறன்," என்றார்.

ஹெர் புறுக்மன் படத்துக்கு முன்னால் வந்து நின்று பேசத் தொடங்கினார். இந்தப் பெண்ணின் நம்பிக்கையைப் பார்த்தபோது தனக்கு மெய்சிலிர்த்ததாம். நாங்கள் எல்லாரும் இழந்துவிட்ட ஏதோ ஒன்று இந்த முகத்தில் இருக்கிறதாம். அவள் உதட்டில் ஒரு பழைய மந்திரமாம்.

"ஹெர் புறுக்மன்!" என்று கூப்பிட்டார் அக்கா.

மண்டபம் முழுவதும் திரும்பியது. ஹெர் புறுக்மனுக்கு ஒரு விநாடி முகம் வெளிறியது. பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். கையை விரித்து, "என்ன அதிர்ஷ்டம்! எங்கள் படத்தின் நாயகியே வந்திருக்கிறார்! எங்கள் பேக்கரி ஃபிறவ் கமலா!" என்றார். சனம் கை தட்டியது. பொய் வெளிப்பட்டதற்குக் கை தட்டிய சனத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

அக்கா கைதட்டல் ஓயும்வரை நின்றார். பிறகு படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"இது நான்தான்," என்றார் ஜெர்மன் மொழியில். "நான் குஸ்கோவில் இருந்து வரவில்லை. எசனில் இருந்து இவரோடு போனேன். எனக்கும் ரிக்கற் இருந்தது. இவருடைய நெஞ்சுப் பையில் இருந்தது. ஹெர் புறுக்மன், இந்தப் படத்தில் நான் என்ன சொல்கிறேன்? இவர்களுக்குச் சொல்லுங்கள்."

"நீங்கள்... பிரார்த்தனை செய்தீர்கள்," என்றார் அவர். குரல் சிறுத்துவிட்டது.

"பிரார்த்தனை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த விரல் யாருடையது? அதையும் சொல்லுங்கள்."

சனம் விரலைத் தேடிக் கழுத்தை நீட்டியது. அக்கா கையைத் தலைக்கு மேல் குவித்தார், படத்தில் நிற்பதுபோலவே. அதே வாய், அதே குரலாகவும் இருந்திருக்க வேண்டும்.

"ஹெர் புறுக்மன், நான் உங்களோடு வந்தவள் என்று சொல்லுங்கள்!"

பிறகு கையை இறக்கினார். "அதைத்தான் சொன்னேன். என்னை வெளியே கொண்டுபோனார்கள். இவர் படம் எடுத்தார்."

வயதான அம்மா வைன் கிளாசை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஹெல்காவும் அங்கேதான் இருந்தார். சப்பாத்துத் தூக்கிவந்த அன்றே ஏதோ விளங்கியிருக்க வேண்டும், இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பேசுவோம், ஃபிறவ் கமலா, நிதானமாக," என்றார் ஹெர் புறுக்மன்.

"என்ரை பேர் கமலா இல்லை," என்று அக்கா தமிழில் சொன்னார். பிறகு என் கைப்பையிலிருந்து தடித்த பேனை ஒன்றை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் அச்சடித்த வசனத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். அதன் கீழே தன் முழுப் பெயரையும், எசன் என்ற ஊர்ப் பெயரையும், கத்திச் சொன்ன அந்த வசனத்தையும் பெரிய எழுத்தில் எழுதினார். யாரும் தடுக்கவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. டிராம் வரும்வரை எனக்கு வாய் ஓயவில்லை.

இதைத்தான் சபையில் அவமானப்படுத்தியது என்கிறார்கள். ஆனந்தராசா அண்ணைகூட, "படம் வடிவாத்தானே கிடந்தது, உமக்கேன் உந்தச் சோலி?" என்றார். இன்னொருவர், அந்நிய சாமிக்கு ஏன் அரோகரா போட்டார் என்று கேட்டார். சூரியன் எப்போது அந்நிய சாமி ஆனது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அடுத்த கிழமை நான் மட்டும் அந்த மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அட்டையை நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள் போலிருக்கிறது, மூலையில் நகத்தால் சுரண்டிய அடையாளம் மட்டும் இருந்தது. வெள்ளைச் சுவரில் இரண்டு ஆணி, அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து. என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முந்தின சனிக்கிழமை பேக்கரியில் வரிசை வீதிவரை நின்றது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஹெர் புறுக்மன். கண்காட்சிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அவருடைய முறை வந்தது. ஒன்றும் நடக்காததுபோல, "வணக்கம், ஃபிறவ் கமலா! வழக்கம்போல விதைப் பாண் இரண்டு," என்றார்.

இத்தனை வருஷத்தில் யாருடைய முறையையும் தாண்டிப் போகாத அக்கா, அவரை நேரே பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

"மொமென்ற்!" என்றார். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "சொல்லு ஆதிரை, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

எனக்குப் பிறகு நின்ற அம்மாவுக்கும் கொடுத்தார். அவருக்குப் பிறகு நின்றவருக்கும் கொடுத்தார். நான் வெளியே வந்து கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன். ஹெர் புறுக்மன் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றார். வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.